டேஷ்கேம்: கேமராவை விட மற்றதற்குத்தான் காசு கரைகிறது

காரின் முன் கண்ணாடியில் ஒட்டி ரோட்டைப் பதிவு செய்யும் டேஷ்கேம் வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, படத் தெளிவு 4கே நல்லதா, 2கே போதுமா என்பதுதான். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. பெங்களூரில் ஓடும் சின்ன ஹேட்ச்பேக் ஒன்றில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு கண் உள்ள கேமராவை மாட்டி, அது நம்பும்படி ஓடுவதற்குள் எனக்குப் போன காசுக் கணக்கு இது: கேமரா 11,500 ரூபாய். அதற்கு மேல் போலி மெமரி கார்டுக்கு 900, வீணாய்ப் போன ஃபிட்டிங் கூலி 800, புது பேட்டரிக்கு 4,600, உடைந்த பில்லர் கிளிப்புக்கும் மூடிக்கும் 600, திரும்ப ஒயரிங் செய்ய 1,100. மொத்தம் 8,000 ரூபாய், இதில் ஒரு ரூபாய்கூட கேமராவின் குறையால் போனதில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். பெட்டியோடு வரும் கையேட்டில் இது எதுவும் இல்லை, விற்பவர்களும் சொல்வதில்லை. ஆகவே காசு போன வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

முதலில் படத் தெளிவு. கேமரா எதற்கு? ஏதாவது ஆனால் அடுத்த வண்டியின் நம்பர் பிளேட் தெரிய வேண்டும், யார் எந்த லேனில் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். இரண்டாவதற்கு எந்தக் கேமராவும் போதும். முதலாவதுதான் கஷ்டம். 140 டிகிரி அகலம் பார்க்கும் லென்ஸில் 1080பி கேமரா ஒரு டிகிரிக்குச் சுமார் 14 பிக்சல் கொடுக்கும், 4கே சுமார் 27. கார்களின் நீட்டு பிளேட் 50 செ.மீ. அகலம், டூவீலரின் பின் பிளேட் வெறும் 20 செ.மீ. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் கார் பிளேட் 1080பி-யில் 40 பிக்சல் அகலத்துக்குள் அடங்கிவிடும். பத்து எழுத்தை அதில் பிரித்துப் படிக்க முடியாது. 4கே-யில் அதே பிளேட் 80 பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு, பகலில் படிக்கலாம். டூவீலர் பிளேட்டோ 4கே-யிலேயே 30 பிக்சல் சுமார்தான், எண்கள் இரண்டு வரியாக இருந்தும் இழுபறி. அதனால் 170 டிகிரி அகலம் என்று பெட்டி மேல் பெருமையாகப் போட்டிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அதே பிக்சல் இன்னும் அகலமாகப் பரவும், பிளேட் இன்னும் சின்னதாகும்.

இன்னொன்று, 4கே என்று எழுதியிருப்பதெல்லாம் 4கே அல்ல. ஒரு 4கே ஃபிரேமுக்கு 83 லட்சம் பிக்சல் வேண்டும். உள்ளே சோனி ஐஎம்எக்ஸ்335 சென்சார் இருந்தால் அது 5 மெகாபிக்சல்தான், படத்தை இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று எழுதுகிறார்கள். ஐஎம்எக்ஸ்415, ஐஎம்எக்ஸ்678 இரண்டும் 8 மெகாபிக்சல், அவற்றில் உண்மையாகவே 4கே வரும். இரவுக்கு 678 இன்னும் நல்லது. சென்சார் பெயரையே சொல்லாத கேமராவை ஒதுக்கிவிடலாம். அடுத்து, உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரியா, சூப்பர் கெபாசிட்டரா என்று பாருங்கள். பெங்களூர் வெயில் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்த வண்டியைத்தானே சித்திரை, வைகாசியில் வேலூருக்கும் சேலத்துக்கும் ஓட்டிக்கொண்டு போகிறோம்? வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கருப்பு டப்பாவுக்கு அதைவிட அதிகம். லித்தியம் பேட்டரி உப்பிப் போகும். கெபாசிட்டர் தாங்கும். கரண்ட் போனதும் கடைசி ஃபைலை மூடி வைக்கத் தேவையான சில நொடி சக்தியை மட்டும் அது வைத்திருக்கும், அது போதும்.

இனி மெமரி கார்டு. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேமரா சரியாக ஓடுகிற மாதிரியே காட்டிக்கொண்டு ஒன்றுமே பதிவாகாமல் போவது இங்கேதான். முன் கேமரா நொடிக்கு 30 மெகாபிட், பின் கேமரா 15 மெகாபிட் எழுதினால் நிமிடத்துக்குச் சுமார் 340 எம்பி, மணிக்கு 20 ஜிபி. 64 ஜிபி கார்டில் மூன்று மணி நேரம் சொச்சம். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு வழியாக வேலைக்குப் போய் வருகிறவருக்கு அது ஒரு நாள் ஓட்டம். சாயங்காலம் பம்பரில் புதிதாக ஒரு கீறலைப் பார்த்து, காலையில் நடந்ததைத் தேடினால், அதன் மேலேயே புதுப் பதிவு ஏறியிருக்கும். 128 ஜிபி என்றால் ஆறு மணி நேரம், அதுதான் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மூன்று மணி நேரம் ஓடினால் அந்தக் கார்டு இரண்டு நாளைக்கு ஒருமுறை முழுசாக அழித்து எழுதப்படுகிறது, வருஷத்துக்கு 180 தடவைக்கு மேல். போனில் போடுகிற சாதாரணக் கார்டு இந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. பல கம்பெனிகள் டேஷ்கேமில் போட்டால் வாரண்டி கிடையாது என்றே எழுதியிருக்கின்றன. ஹை எண்டியூரன்ஸ், மேக்ஸ் எண்டியூரன்ஸ், ப்ரோ எண்டியூரன்ஸ் என்ற பெயர்களில் இதற்கென்றே வரும் கார்டுகளைத்தான் வாங்க வேண்டும், அதன் மேல் எழுதும் வேகத்தைச் சொல்லும் யூ3 அல்லது வி30 குறி இருக்க வேண்டும்.

எண்டியூரன்ஸ் என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிக் கடையில் 128 ஜிபி கார்டு 900 ரூபாய்க்குக் கிடைத்தது, பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் பிரமாதம். கேமராவும் 128 ஜிபி என்றே காட்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது, ஃபைல் பெயர்கள் வரிசையாக வந்தன. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முதல் சில ஃபைல்கள் மட்டும் ஓடின, மற்றதெல்லாம் திறக்கவே இல்லை. உள்ளே இருந்தது 32 ஜிபி சிப்பு. 128 என்று பொய் சொல்லும்படி எழுதி வைத்திருக்கிறார்கள், 32 தாண்டியதும் வருகிறதெல்லாம் காற்றில் போகிறது. பில் இல்லாமல் வாங்கிய சாமானை யாரிடம் போய்க் கேட்பது? எந்தக் கார்டு வாங்கினாலும் கேமராவில் போடுவதற்கு முன் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து, எவ்வளவு உண்மை என்று சொல்லிவிடும். 128 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அதைக் கடையின் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும். சோதனை முடிந்ததும் கார்டைக் கேமராவுக்குள் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் செய்யும் ஃபார்மேட்டைச் சில கேமராக்கள் ஏற்காது. பிறகு மாதம் ஒருமுறை அதே ஃபார்மேட்.

மாட்டும் இடம். இங்கே ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால், உள் கண்ணாடிக்குப் பின்னால் இடப்பக்கமாக, ஓட்டுபவர் பார்வையில் விழாத இடத்தில். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வைப்பர் துடைக்கும் வளைவுக்குள் லென்ஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி மழையில் படம் முழுக்கத் தண்ணீர்க் கோடுதான். கண்ணாடியின் மேல் ஓரத்தில் உள்ள கருப்புப் புள்ளிகள் மேல் ஒட்டக் கூடாது, பசை பிடிக்காது. ரெயின் சென்சாரும் அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் வசதி) கேமராவும் உள்ள வண்டியில் அவற்றின் முன்னால் ஒயர்கூடத் தொங்கக் கூடாது. ஒட்டுவதற்கு முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயில் வழவழப்புக்கு ஏதோ ஒன்று சேர்த்திருப்பார்கள், அதன் மேல் டேப் நிற்காது. 3எம் விஎச்பி டேப் ஒட்டின உடனே முழுப் பலம் பிடிக்காது, முழுசாகப் பிடிக்க மூன்று நாள்வரை எடுக்கும். தாங்கியை மட்டும் முதல் நாள் ஒட்டிவிட்டு, கேமராவை மறுநாள் மாட்டினால் நடுரோட்டில் மடியில் விழாது. டேஷ்போர்டுக்கு பாலிஷ் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பளபளப்பு முழுக்க முன் கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தில் விழும். அதைத் தவிர்க்க சிபிஎல் ஃபில்டர் என்று தனியாக விற்கிறார்கள். பகலில் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் உள்ளே வரும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அதுவே சாப்பிட்டுவிடும். ராத்திரி ஓட்டம் அதிகம் என்றால் வேண்டாம்.

இப்போது ஒயரிங். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் கூடவே வந்த அடாப்டரைச் சொருகி ஓட்டுவதுதான் பாதுகாப்பான, செலவில்லாத வழி. கேமராவோடு வந்த அடாப்டர் என்பது முக்கியம். வண்டியின் மியூசிக் சிஸ்டத்தில் உள்ள யூ.எஸ்.பி. துளை பல வண்டிகளில் அரை ஆம்பியர்தான் தரும், இரண்டு கண் கேமராவுக்கு 2 ஆம்பியர் வரை வேண்டும். போதாத கரண்டில் கேமரா திரும்பத் திரும்ப அணைந்து எரியும், நாம் கேமரா கெட்டுவிட்டது என்று நினைப்போம். வண்டி நின்றிருக்கும்போதும் பதிவாக வேண்டும் என்ற பார்க்கிங் மோடு ஆசை வந்தால்தான் ஃபியூஸ் பெட்டிக்குப் போக வேண்டியிருக்கிறது. நம்மூர்த் தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு அந்த ஆசை நியாயமானதும்கூட.

வண்டி சாமான் கடை ஒன்றில் மாட்டித் தந்தார்கள். பையன் நம்ம தமிழ்ப் பையன், வேலையில் வேகம். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் கேமராவைத் தானாக அணைக்கும் கட்-ஆஃப் உள்ள ஹார்டுவயர் கிட் (ஃபியூஸ் பெட்டியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஒயர் செட்) போடச் சொன்னதற்கு, “அதெல்லாம் தேவையில்லண்ணா, பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாது, எல்லா வண்டிக்கும் இப்படித்தான் போடறோம்” என்றான். போட்டது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சின்ன கன்வர்ட்டர், அதையும் எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸில், ஏற்கெனவே இருந்த ஒயரைச் சீவி முறுக்கி, கருப்பு டேப் சுற்றி. கிரவுண்டு ஒயர் பெயின்ட் அடித்த பிளேட்டில் ஸ்க்ரூவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி பேஸ்மென்ட்டில் நிறுத்திய வண்டி திங்கள் காலை சாவி போட்டால் டிக் டிக் என்றது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டால் ஆச்சரியமில்லை. பார்க்கிங்கில் கேமரா 12 வோல்ட்டில் சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கும். ஒரு ராத்திரி பன்னிரண்டு மணி நேரத்துக்கு 3.6 ஆம்பியர்-அவர், சின்ன வண்டியின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு, தாங்கும். அதுவே வெள்ளி ராத்திரியிலிருந்து திங்கள் காலை வரை அறுபது மணி நேரம் என்றால் 18, பாதி பேட்டரி. மூன்று வருஷமான பேட்டரியில் அந்த 35-ம் இருக்காது. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே காலி செய்வது அதற்கு விஷம் மாதிரி. ஓரிரு தடவை அப்படி ஆனாலே பிறகு சார்ஜ் நிற்காது. பெங்களூர் ஓட்டத்துக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. எட்டு கிலோமீட்டரை ஒரு மணி நேரம் ஊர்ந்து போகும்போது என்ஜின் பெரும்பாலும் ஐடிலிங்கில், ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடிக்கொண்டு. ஆல்டர்னேட்டர் தருவது அதற்கே சரியாகப் போய்விடும், ராத்திரி கேமரா தின்றதை ஈடுகட்ட மிச்சம் இருக்காது. ஹைவேயில் ஓடும் வண்டிக்கு ஒத்துவரும் செட்டிங் இங்கே ஒத்துவராது.

சரியான வேலை எப்படி இருக்கும் என்றால், அந்தக் கேமரா கம்பெனியின் ஹார்டுவயர் கிட்டையே வாங்க வேண்டும். மூன்று ஒயர் வரும். பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் கரண்ட் உள்ள ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் ஃபியூஸுக்கு, கருப்பு பாடிக்கு. சில கிட்டில் மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கும், ஒயரில் சுற்றியுள்ள சீட்டைப் படித்த பிறகே தொடுங்கள். எந்த ஃபியூஸ் எது என்று ஊகிக்காமல் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கருப்பு முனையைக் கதவோர போல்ட்டில் அழுத்தி, சிவப்பு முனையை ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் தொட்டுப் பாருங்கள். சாவி எடுத்தபிறகும் 12 காட்டினால் அது எப்போதும் உள்ளது. ஆனால் பல வண்டிகள் பூட்டிய பிறகு பத்து இருபது நிமிடம் கழித்துத்தான் சில லைன்களை அணைக்கும், அதனால் பூட்டிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், ஈசியூ, ஸ்டியரிங் என்று மூடியில் எழுதியிருக்கும் எந்த ஃபியூஸையும் தொடக் கூடாது. உள் விளக்கு, ஹார்ன், 12 வோல்ட் சாக்கெட், பின் வைப்பர் இந்த மாதிரி ஃபியூஸ் போதும்.

ஒயரைச் சீவாமல் ஃபியூஸ் டேப் என்ற சின்னக் கவ்வியைப் போட வேண்டும், நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதில் மினி, லோ-புரொஃபைல் மினி, மைக்ரோ2 என்று அளவுகள் உண்டு. பழைய ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொண்டுபோய் வாங்குங்கள். கவ்வியின் ஒரு அறையில் வண்டியின் பழைய ஃபியூஸ், மற்றொன்றில் கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ். இதைத் திருப்பிப் போட்டாலும் கேமரா ஓடும், ஆனால் கேமராவின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். அதனால் கரண்ட் வரும் பக்கம் எது என்று, ஃபியூஸைப் பிடுங்கிய காலித் துளையில் மீட்டர் வைத்துப் பார்த்து, இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் போகும்படி சொருக வேண்டும். கருப்பு ஒயரைப் பெயின்ட் இல்லாத, பாடியோடு நேராகச் சேரும் போல்ட்டில் வளையத்தோடு இறுக்குங்கள். கட்-ஆஃப் வோல்டேஜ் பல கிட்களில் 11.6 அல்லது 11.8-ல் வரும். 12.2 என்பதே பேட்டரி பாதி என்று அர்த்தம், 11.8-ல் கிட்டத்தட்டக் காலி. பெங்களூர் ஓட்டத்துக்கு 12.4 வையுங்கள். விடியற்காலை பதிவு நின்றுவிடும்தான், ஆனால் காலையில் வண்டி கிளம்பும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிறுத்துகிறவர்கள் பார்க்கிங் மோடையே அணைத்துவிடலாம் என்பது என் எண்ணம். தெருவில் நிறுத்தும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். வாரண்டி உள்ள வண்டியில் ஒயரைச் சீவியிருந்தால் எலெக்ட்ரிகல் பழுது எது வந்தாலும் சர்வீஸ் சென்டர் கையை விரிக்கும், அதற்கும் இந்தக் கவ்விதான் மருந்து.

ஒயர் போகும் வழியில் ஒரு இடம் விளையாட்டல்ல. ஆறு ஏர்பேக் உள்ள வண்டிகளில் முன் கண்ணாடி ஓரத்து ஏ-பில்லரிலிருந்து கூரை நெடுக கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைத்திருக்கும். பில்லர் மூடியில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் கேமரா ஒயர் அந்த ஏர்பேக்குக்குப் பின்னால்தான் போக வேண்டும், வண்டியின் சொந்த ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டி. அதன் முன்னால் குறுக்கே போனால், வெடிக்கிற நேரத்தில் ஒயர் சாட்டையாகி முகத்தில் அடிக்கும், அல்லது பை விரிவதையே தடுக்கும். பெரும்பாலான கடைகள் மூடியை லேசாக நெம்பி ஒயரை உள்ளே திணித்துவிடுகிறார்கள், அது எதன் மேல் கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. நின்று பாருங்கள், மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஆனால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் கிளிப் உடையும், அந்த 600 ரூபாய் அப்படிப் போனதுதான். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏர்பேக் பில்லரின் கிளிப்புகளில் சில ஒருமுறை கழற்றினால் மாற்ற வேண்டியவை, வேலைக்கு முன்பே ஸ்பேர் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். ஏர்பேக் இல்லாத பில்லர் என்றால் கதவின் ரப்பர் பட்டைக்குள் விரலால் அழுத்தினாலே ஒயர் உள்ளே போய்விடும்.

பின் கேமரா ஒயர் கூரை ஓரமாகப் போய் டிக்கிக் கதவுக்குள் நுழையும் இடத்தில் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் இருக்கும். அதற்குள் விட்டு எடுக்காமல் வெளியே தொங்கவிட்டால் கதவு திறந்து மூடி மூடி ஒயர் நசுங்கும், பின் படம் விட்டுவிட்டு வரும். ரப்பர் குழாய்க்குள் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் ஒயர் வழுக்கிக்கொண்டு போகும். கேமராவைக் கண்ணாடியின் டீஃபாகர் கோடுகள் மேல் ஒட்டாதீர்கள், பின்னால் பிடுங்கும்போது கோடும் சேர்ந்து வரும். பின் கேமரா அவசியமா என்று கேட்டால், தொப்பூர் இறக்கத்தில் பின்னால் லாரி வர, பிரேக்கில் கால் வைத்துப் போய்ப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். ஊருக்குள்ளும் சிக்னலில் பின்னால் வந்து முட்டிவிட்டு, “நீங்கதான் ரிவர்ஸ் வந்தீங்க” என்பவர்களுக்கு அது ஒன்றுதான் பதில்.

செட்டிங்கில் முதலில் மாற்ற வேண்டியது ஜி-சென்சார். அதிர்ச்சி வந்தால் அந்த ஃபைலை அழியாதபடி பூட்டி வைக்கும் வசதி அது. கம்பெனியிலிருந்து மீடியத்தில் வரும். பெங்களூர் தெருவில் ஒவ்வொரு ஹம்பும் (வேகத்தடை) ஒவ்வொரு பள்ளமும் அதற்கு விபத்துதான். பூட்டிய ஃபைல்களுக்கென்று கார்டில் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கும். அது நிறைந்ததும் சில கேமராக்கள் பழைய பூட்டிய ஃபைலையே அழிக்கும், அதாவது உண்மையான விபத்தை நாலு ஹம்பு சேர்ந்து தின்றுவிடும். சில, கார்டு ஃபுல் என்று கத்திவிட்டு நின்றே போகும். லோ-வில் வையுங்கள். வேண்டுமென்கிறபோது கையால் பூட்ட பட்டன் இருக்கிறது. ஃபைல் நீளம் ஒரு நிமிடம் போதும், பிறகு போனுக்கு இறக்கும்போது அருமை தெரியும். நேரத்தை ஜிஎம்டி +5:30 என்று வையுங்கள். அரை மணிக் கணக்கே இல்லாத மெனுவும் உண்டு, அங்கே ஜிபிஎஸ் நேரத்தை அணைத்துவிட்டுக் கையால் வைக்க வேண்டும். வீடியோவில் நேரம் அரை மணி பிசகியிருந்தால் எதிர்த்தரப்புக்கு அதைவிட என்ன வேண்டும்? வேகம் படத்தில் விழ வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் 100 தாண்டியதும் அதே படத்தில் பளிச்சென்று இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மைக் விஷயத்தில் வீட்டில் சண்டை வரலாம், காருக்குள் பேசுகிறதெல்லாம் பதிவாகிறது. ஆனாலும் நான் திறந்தே வைத்திருக்கிறேன். அதன் காரணம் ராத்திரி.

பகல் படம் பார்த்து மயங்காதீர்கள், இருட்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கேமராவின் லட்சணம் தெரியும். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஷட்டரை மெதுவாக்கும். நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், குறுக்கே 40 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி அதற்குள் 37 செ.மீ. நகர்ந்துவிடும், டூவீலர் பிளேட்டின் அகலமே 20 செ.மீ. எத்தனை கே போட்டாலும் அது கலங்கல்தான். நேர் முன்னால் போகிற வண்டியில் வேறு கதை. எச்.எஸ்.ஆர்.பி. என்ற உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும், நம் ஹெட்லைட் பட்டதும் படத்தில் எழுத்தே இல்லாத வெள்ளைச் செவ்வகம். எக்ஸ்போஷரை மைனஸ் 0.3 அல்லது 0.7-க்கு இறக்கினால் ஓரளவு எழுத்து வரும், சுற்றிலும் இருட்டாகும். வெளிச்சத்தையும் இருட்டையும் சமன் செய்யும் எச்டிஆர் சில கேமராவில் உதவும், சிலவற்றில் நகரும் எழுத்தை இரட்டையாக்கும். கடையின் திருப்பித் தரும் கெடுவுக்குள், தெருவிளக்கு இல்லாத ஒரு சாலையிலும் வெளிச்சமான சாலையிலும் ஓட்டி, கம்ப்யூட்டர் திரையில் போட்டு ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு ராத்திரியில் நம்பகமான வழி, நம்பரைக் கண்ணால் பார்த்ததும் வாய்விட்டுச் சொல்வது. மைக் அதை நேரத்தோடு பதிந்து வைத்துக்கொள்ளும்.

அவுட்டர் ரிங் ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல், சர்வீஸ் ரோட்டிலிருந்து வெட்டி ஏறிய ஒரு டாக்ஸி, முன் இடது ஃபெண்டரை உரசிக்கொண்டு நிற்காமல் போனபோது அதுதான் உதவியது. படத்தில் அந்த வண்டி வந்த விதம், லேன், இண்டிகேட்டர் போடாதது எல்லாம் தெளிவு, பிளேட் மட்டும் வெள்ளைக் கட்டம். கத்திச் சொன்ன எண் ஆடியோவில் இருந்தது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: லாக் பட்டனை அழுத்து, வண்டியை ஓரம் கட்டு, யாருக்காவது அடிபட்டிருந்தால் 112, பிறகு கேமராவை நிறுத்திவிட்டுக் கார்டை வெளியே எடு. ஓட விட்டால் அது எழுதிக்கொண்டே இருக்கும். போனில் வைஃபை வழியாக ரோட்டோரத்தில் இறக்கப் பார்ப்பது வயிற்றெரிச்சல். கேமராவின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும், ஆப் அறுந்துபோகும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால் நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்றால் ஒரு நிமிட 4கே ஃபைலுக்கே பல நிமிடம். டைப்-சி கார்டு ரீடர் ஒன்று 300 ரூபாய், டேஷ்போர்டு டிராயரில் கிடக்கட்டும்.

ஸ்டேஷனில் பென் டிரைவில் போட்டுக் கொண்டு வரச் சொன்னார்கள். கொடுக்கலாம், ஆனால் அது காப்பி. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு இருக்கிறது. மின்னணுப் பதிவின் காப்பியைக் கோர்ட்டில் வைக்க அதன்படி சான்றிதழ் வேண்டும். சட்டத்தின் அட்டவணையிலேயே அதன் படிவம் இருக்கிறது. முதல் பகுதியைப் பதிவுக்கு உரியவர் நிரப்ப வேண்டும், இரண்டாம் பகுதியை ஒரு வல்லுநர். இரண்டிலும் ஃபைலின் ஹாஷ் எண், அதாவது அதன் கைரேகை மாதிரியான ஒரு எண், கேட்கிறது. அதனால் காப்பி எடுத்த அன்றே எஸ்எச்ஏ-256 ஹாஷ் எடுத்து எழுதி வையுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை இதற்குக் கூடவே வருகிறது. ஃபைல் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது, ஒரு நொடியை வெட்டினால் மாறிவிடும். அதனால் ஃபைலை எந்த எடிட்டிங் ஆப்பிலும் திறந்து சேமிக்காதீர்கள். வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், தெரிந்த பிளேட்டும் போய்விடும், நேரமும் கேமரா விவரமும் கழன்றுவிடும். அவசரத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கேமராவிலிருந்து வந்த அதே கார்டுதான் மூலம். அதை வெளியே எடுத்து, காப்பி எடுத்தபின் உறையில் போட்டு, தேதி எழுதி, விவகாரம் முடியும்வரை எந்தச் சாதனத்திலும் போடாமல் வைக்க வேண்டும். அப்படியானால் மறுநாள் வேலைக்குப் போக கேமராவில் போட இன்னொன்று வேண்டுமே? முதலிலேயே சோதித்து ஃபார்மேட் செய்த 128 ஜிபி எண்டியூரன்ஸ் கார்டு இரண்டாக வாங்குங்கள். நல்ல கடையில் பில்லோடு ஒன்று 1,700 ரூபாய் ஆனது.